காத்திருக்கும் கூட்டம்: டூர் டி பிரான்ஸ் நாட்குறிப்பு, ஜூலை 2025

ஜூலை 15, செவ்வாய்

மூன்று வாரம் நடக்கும் டூர் டி பிரான்ஸ் சைக்கிள் பந்தயத்தில் இன்று முதலாவது ஓய்வு நாள். நாளுக்கு ஒன்றாகப் பத்துக் கட்டங்கள் முடிந்திருக்கின்றன. மொத்த நேரத்தில் முன்னணியில் இருப்பவர் அணியும் மஞ்சள் ஜெர்சி அயர்லாந்தின் பென் ஹீலியிடம் இருக்கிறது. பந்தயம் இல்லாத இந்த நாளில், நெடுநாளாக மனத்தில் கிடக்கும் ஒன்றை எழுதத் தொடங்குகிறேன்: எந்தச் சட்டப் புத்தகத்திலும் இல்லாத, ஆனால் மீறியவரை ஆண்டுக்கணக்கில் விடாமல் துரத்துகிற சாலைப் பந்தய வழக்கங்கள்.

எதிராளியின் முதுகு இல்லாமல் இந்த விளையாட்டில் யாரும் முடிவுக்கோடு போய்ச் சேர முடியாது. 2018-இல் பெர்ட் பிளாக்கனின் ஆய்வுக் குழு 121 வீரர்கள் நெருக்கமாக ஒன்றாகச் செல்லும் பெலோட்டனை, அதாவது பந்தயக் கூட்டத்தை, ஆராய்ந்தபோது, கூட்டத்தின் உட்பகுதியில் செல்பவர்மீது படும் காற்றுத் தடை, தனியாக ஓட்டுபவர்மீது படுவதில் 5 முதல் 10 சதவீத அளவுக்குக்கூட இறங்கிவிடுகிறது என்று கண்டறிந்தது. மூன்று வாரங்கள், 3,300 கிலோமீட்டருக்கும் அதிகமான தூரம். இன்று யாரை ஏமாற்றினேனோ அவருடைய நிழலில்தான் நாளை நான் ஒதுங்க வேண்டியிருக்கும். வழக்கங்கள் இந்தத் தேவையிலிருந்துதான் முளைத்திருக்க வேண்டும் என்று நம்புகிறேன்.

மஞ்சள் ஜெர்சிக்காரர் சிறுநீர் கழிக்கச் சாலையோரம் நின்றால், கூட்டம் வேகத்தைக் குறைக்கும். உணவுப் பைகளைத் தோளில் மாட்டிக்கொள்ளும் இடத்தில் யாரும் கூட்டத்தை விட்டு முன்னால் பாய்ந்து செல்லக் கூடாது. பந்தயம் ஒரு வீரரின் சொந்த ஊர் வழியாகச் சென்றால், அவரைச் சற்று முன்னால் போக விடுவார்கள்; அவர் சைக்கிளை நிறுத்தி, சாலையோரம் நிற்கும் மனைவியையும் பெற்றோரையும் தழுவிவிட்டு, கூட்டம் கடக்கும்போது மறுபடி ஏறிச் சேர்ந்துகொள்வார். அந்த அரை நிமிடக் காட்சிக்காகவே எத்தனையோ சலிப்பான சமவெளிக் கட்டங்களை நான் முழுதாகப் பார்த்திருக்கிறேன்.

ஜூலை 16, புதன்

நேற்று எழுதியது இன்று கண்முன் நடந்தது. துலூஸ் நகரில் முடியும் கட்டம். முடிவுக்கோட்டுக்குச் சில கிலோமீட்டர்களே இருந்தபோது, பட்டத்துக்குப் போட்டியிடும் ஸ்லோவேனிய வீரர் தடே பொகாச்சரின் முன்சக்கரம் நார்வே வீரர் டோபியாஸ் யோஹானசெனின் சைக்கிளில் உரச, அவர் தரையில் சறுக்கி விழுந்தார். எழுந்து செயினை மாட்டிக்கொண்டு புறப்படுவதற்குள், வெற்றிக்குப் போட்டியிடும் மற்ற அனைவரும் முன்னால் போய்விட்டிருந்தனர். அந்தக் குழு விரைந்திருந்தால், அவர் நிச்சயம் காலம் இழந்திருப்பார். ஆனால் முன்னால் இருந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள், மிதிப்பது தளர்ந்தது, பொகாச்சர் வந்து சேர்ந்தார். அந்தக் குழுவில் பொகாச்சரின் முக்கியப் போட்டியாளரான டென்மார்க்கின் யோனாஸ் விங்கெகார்டும் இருந்தார். கட்டத்தை வென்றவர், முன்பே கூட்டத்தை விட்டு முன்னால் சென்றிருந்த யோனாஸ் ஆப்ரஹாம்சென்.

காத்திருக்கச் சொல்லி யாரும் விசில் ஊதவில்லை, நடுவர்களும் தலையிடவில்லை என்பதுதான் என்னை நெகிழச் செய்கிறது.

ஜூலை 17, வியாழன்

காத்திருந்தவர்களுக்கு இன்று அதன் விலை தெரிந்தது. ஓத்தக்காம் மலையில் பொகாச்சர் எல்லோரையும் உதறிவிட்டு, விங்கெகார்டைவிட 2 நிமிடம் 10 விநாடி முன்னதாக வந்து சேர்ந்தார். நேற்று காத்திருக்காமல் போயிருந்தால் என்ற கேள்வி எல்லோர் மனத்திலும் எழும். நேற்றைய சில விநாடிகள் இன்றைய இடைவெளியை அடைத்திருக்கப் போவதில்லை என்றாலும் எழும்.

இதே மலையில் முடிந்த 2022 ஜூலை 21-ஆம் நாள் கட்டம் எனக்கு மறக்கவில்லை. அன்று மஞ்சள் ஜெர்சி விங்கெகார்டிடம். பொகாச்சர் 2 நிமிடம் 18 விநாடி பின்தங்கியிருந்தார். ஸ்பாந்தெல் கணவாயின் இறக்கத்தில் முதலில் விங்கெகார்டே தடுமாறி, விழாமல் தப்பினார். சற்று நேரத்தில், ஒரு வளைவில் சரளைக்கற்கள்மீது ஏறிய பொகாச்சர் விழுந்தார். விங்கெகார்ட் திரும்பிப் பார்த்தார், மிதிப்பதை நிறுத்தினார், மெல்ல உருண்டபடியே மறுபடியும் திரும்பிப் பார்த்தார். உடை கிழிந்து தொடை சிராய்த்த நிலையில் வந்து சேர்ந்த பொகாச்சர், பக்கத்தில் வந்ததும் கையை நீட்டினார். ஓடும் சைக்கிள்களில் இருவரும் கைபற்றிக்கொண்டார்கள். அன்று மாலை விங்கெகார்ட் அவரை 1 நிமிடம் 4 விநாடி வேறுபாட்டில் வீழ்த்தினார். காத்திருந்தது வெற்றியைக் குறைக்கவில்லை; என் கண்ணில் அதை முழுமையாக்கியது.

இன்றைய வெற்றியைப் பொகாச்சர் சாமுவேலே பிரிவிடேராவுக்கு அர்ப்பணித்தார். 19 வயதான அந்த இத்தாலிய வீரர் நேற்று வாலே தோஸ்தா பந்தயத்தில் விழுந்து உயிரிழந்தார். 1995 டூரில், ஜூலை 18 அன்று போர்ட்டே தாஸ்பே மலை இறக்கத்தில் ஃபாபியோ காசார்டெல்லி என்ற வீரர் விழுந்து இறந்தபோது, மறுநாள் கூட்டம் முழுவதும் போட்டியிடாமல் ஓட்டிச் சென்று, அவருடைய மோட்டரோலா அணியினரை முடிவுக்கோட்டை முதலில் கடக்க விட்டது. கீழே விழுந்தவருக்காகத் தயங்கி நிற்பதன் அடியில் இந்த அச்சமும் இருக்கிறது: இன்று அவர், நாளை நான்.

ஜூலை 18, வெள்ளி

இன்று நேரச் சோதனைப் பந்தயம். ஒவ்வொருவராகப் புறப்படுவதால் இந்த வழக்கங்களுக்கு அங்கே வேலையில்லை. ஆகவே நான் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்த வழக்கை இன்று எடுத்துக்கொள்கிறேன்: 2010 டூர், ஜூலை 19, போர்ட் டி பாலே மலை.

மஞ்சள் ஜெர்சியில் 31 விநாடி முன்னிலை வைத்திருந்த ஆண்டி ஷ்லெக் மலையேற்றத்தில் பாய்ந்தார். அந்த நொடியில் கியர் மாற்றும்போது செயின் கழன்றது. அவருடைய முக்கியப் போட்டியாளர் ஆல்பர்ட்டோ கோன்டடோர் அவரைக் கடந்து சென்றார். சாமுவேல் சான்செஸும் டெனிஸ் மென்ஷோவும் உடன் சென்றார்கள். ஷ்லெக் இறங்கிச் செயினை மாட்டித் துரத்தியும், 39 விநாடி இழந்தார். ஜெர்சி 8 விநாடி வேறுபாட்டில் கை மாறியது. அன்றிரவே கோன்டடோர் ஒரு காணொளியில் மன்னிப்புக் கேட்டார். பாரிஸில் அவர் வென்றதும் அதே 39 விநாடியில்தான். பின்னர் ஊக்கமருந்து வழக்கில் 2012-இல் அந்தப் பட்டம் பறிக்கப்பட்டு ஷ்லெக்கிடம் போனது. ஆனால் நான் பேசுவது அந்த மலைச்சாலையைப் பற்றி மட்டும்.

அன்று நான் கோன்டடோர்மீது கொதித்தேன். இத்தனை ஆண்டுகளில் அந்தக் கோபம் நிறையத் தணிந்திருக்கிறது. முதலாவதாக, பந்தயம் ஏற்கெனவே மூண்டுவிட்டிருந்தது; மூட்டியவர் ஷ்லெக்கே. பாய்ச்சல் தொடங்கிய பிறகு யாரும் யாருக்காகவும் நிற்க வேண்டியதில்லை என்பதும் அதே வழக்கத்தின் ஒரு பகுதி. இரண்டாவதாக, அந்தப் பந்தயத்தின் முதல் நாட்களை நினைத்துப் பார்க்க வேண்டும். ஜூலை 5 அன்று, ஸ்பா நகருக்குச் செல்லும் வழியில், வழுக்கும் இறக்கத்தில் ஷ்லெக் சகோதரர்கள் உட்படப் பலர் விழுந்தபோது, மஞ்சள் ஜெர்சியில் இருந்த ஃபாபியன் கன்செல்லாரா கூட்டத்தைத் தடுத்து நிறுத்தினார். அதனால் முன்னால் தனியாகப் போய்க்கொண்டிருந்த சில்வேன் ஷாவனெலிடம் தன் ஜெர்சியையே இழந்தார். அது உயர்ந்த செயல்தான். ஆனால் அவர் ஷ்லெக்கின் அணித்தோழர் என்பதையும் மறக்க முடியாது. மறுநாள் கருங்கல் பாவிய சாலையில் ஆண்டியின் அண்ணன் ஃபிராங்க் விழுந்து கூட்டம் பிளந்தபோது, அதே கன்செல்லாரா ஆண்டியைப் பின்னால் சேர்த்துக்கொண்டு முழு வேகத்தில் இழுத்துச் சென்றார். பின்னால் சிக்கிய கோன்டடோர் ஒரு நிமிடத்துக்கும் மேல் இழந்தார். அன்று யாரும் காத்திருக்கவில்லை, யாரும் மன்னிப்புக் கேட்கவும் இல்லை.

இருந்தும், கோன்டடோர் நின்றிருக்கலாம் என்ற ஆசை எனக்கு இன்னும் இருக்கிறது. குற்றம் என்று சொல்லும் துணிவுதான் இப்போது இல்லை.

ஜூலை 21, திங்கள்

இரண்டாம் ஓய்வு நாள். எழுதிய சட்டமும் எழுதாத வழக்கமும் நேருக்கு நேர் மோதிய நாளை நினைத்துக்கொண்டேன். இத்தாலியின் மூன்று வாரப் பந்தயமான ஜீரோ தி இத்தாலியாவில், 2015-இல், ஃபோர்லி நகரை நெருங்கும்போது ரிச்சி போர்ட்டின் டயர் பஞ்சரானது. வேறு அணியில் இருந்த அவருடைய நாட்டுக்காரரும் நண்பருமான சைமன் கிளார்க், தன் முன்சக்கரத்தைக் கழற்றிக் கொடுத்தார். வேற்று அணியினருக்குச் சக்கரம் கொடுப்பது விதிப்படி தவறு; இருவருக்கும் 2 நிமிடத் தண்டனையும் 200 சுவிஸ் பிராங்க் அபராதமும் கிடைத்தன. விதியின் நோக்கம் எனக்குப் புரிகிறது: அணிகள் இரகசியமாகக் கைகோப்பதைத் தடுக்க அது வேண்டும். ஆனால் சாலையோரத்தில் குனிந்து சக்கரத்தைக் கழற்றிய அந்தக் கைகளில் சதி எதுவும் இருந்ததாக என்னால் எண்ண முடியவில்லை.

2017 ஜீரோவில் டாம் டுமுலனுக்கு நேர்ந்தது இன்னும் கடினமான கேள்வி. ஜீரோவில் முன்னணியில் இருப்பவருக்கான இளஞ்சிவப்பு ஜெர்சியில் இருந்தவருக்கு ஸ்டெல்வியோ கட்டத்தின் கடைசி ஏற்றத்துக்கு முன்பு வயிறு கலங்கியது. சைக்கிளைப் போட்டுவிட்டுச் சாலையோரத்தில் உடையைக் களைய வேண்டியதாயிற்று. மற்றவர்கள் நிற்கவில்லை. இரண்டு நிமிடங்களுக்கும் மேல் இழந்தும், 31 விநாடி முன்னிலையைக் காப்பாற்றிக்கொண்டு, இறுதியில் ஜீரோவையும் அவரே வென்றார். வயிற்றுக்கோளாறு விபத்தா, உடலின் பலவீனமா? பலவீனமென்றால் யாரும் காத்திருக்க வேண்டியதில்லை. ஆயினும் அந்தக் காட்சியை உலகமே பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில், ஒரு நிமிடமாவது வேகத்தைக் குறைத்திருக்கலாம்.

ஜூலை 27, ஞாயிறு

பாரிஸ். கடைசி நாளில் மஞ்சள் ஜெர்சியைத் தாக்காமல் ஊர்வலமாக நகருக்குள் அழைத்துச் செல்வது வழக்கம். இந்த ஆண்டு மோன்மார்த்ர் குன்றை மூன்று முறை ஏற வேண்டும் என்று வைத்ததால் அந்த ஊர்வலம் குலைந்துவிடுமோ என்று வருந்திக்கொண்டிருந்தேன். மழை பெய்ததால் மொத்தக் காலக் கணக்கை முன்கூட்டியே நிறுத்திவிட்டார்கள். ஆகவே பொகாச்சர் பின்னால் பத்திரமாக உருண்டு வந்திருந்தாலே பட்டம் அவருடையது. அவரோ நனைந்த கற்சாலையில் மஞ்சள் ஜெர்சியுடன் முன்னால் பாய்ந்தார். கடைசி ஏற்றத்தில் விங்கெகார்டின் அணியைச் சேர்ந்த வவுட் வான் ஆர்ட் அவரை உதறிவிட்டுத் தனியாகச் சென்று வென்றார். மஞ்சள் ஜெர்சியைக் கடைசி நாளில் தனியே விட்டுச் சென்றதற்காக வான் ஆர்ட்டை யாரும் குறை சொல்லப்போவதில்லை. சண்டைக்கு அழைத்தவரே மஞ்சள் ஜெர்சிக்காரர்.

மேடையில் பொகாச்சருக்கு அடுத்த படியில், 4 நிமிடம் 24 விநாடி பின்தங்கிய விங்கெகார்ட் நின்றார். துலூஸில் மிதிப்பதைத் தளர்த்திய அந்தச் சில விநாடிகள் இந்தக் கணக்கில் எங்கும் இல்லை.