உப்பு பட்ட ஜெல்

சேலம் கோரிமேட்டுக்கு அப்பால், சேர்வராயன் மலை கண்ணில் படும் தூரத்தில், ஒரு சிறிய மருந்துத் தொழிற்கூடத்தின் களிம்புப் பிரிவில் வேலை பார்த்தேன். மூட்டுவலிக்குத் தடவும் டைக்ளோஃபெனாக் ஜெல்தான் அங்கே அதிகம்.

ஜெல்லை இறுக வைக்கும் கார்போமர் தூளைத் தண்ணீரில் போடுவது உப்புமாவுக்கு ரவை தூவுவதைப் போன்றது. அவசரப்பட்டுக் கொட்டினால், வெளியே வழவழப்பும் உள்ளே உலர்ந்த மாவுமாகக் கட்டி விழும். இரவெல்லாம் ஊறினாலும் அது பி.எச். 3 பக்கம் நிற்கும் கலங்கல் நீர்தான். காலையில் டிரைஎத்தனாலமைன் என்ற காரத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டால் கண்ணெதிரே இறுகும். கலக்கியின் மோட்டார் முனகத் தொடங்கும்.

அன்று டைக்ளோஃபெனாக் டைஎத்திலமைன் 1.16 விழுக்காட்டுக்குப் பதிலாக, அதற்கு ஈடாக, அதே மருந்தின் சோடியம் உப்பை 1 விழுக்காடு போட்டுப் பார்த்தோம். பத்து லிட்டர் பாத்திரம். ஜெல் கண்ணாடிக் குச்சியில் கொம்பு போல நின்றது. மருந்துக் கரைசலை ஊற்றிய ஐந்து நிமிடத்தில் குச்சியிலிருந்து நீராகாரமாக வடிந்தது.

என் கை தானாக டிரைஎத்தனாலமைன் பாட்டிலுக்குப் போனது. ஊற்றினேன், மேலும் ஊற்றினேன். பி.எச். 8ஐ நெருங்கியதே தவிர, துளியும் இறுகவில்லை.

"தம்பி, பாட்டிலைக் கீழே வை. எலுமிச்சை பிழிந்து கொதிக்கவிட்ட மரவள்ளிக் கஞ்சி மறுபடி இறுகுமா?" என்றார் ஜவ்வரிசி ஆலையிலிருந்து வந்த மூத்தவர். உவமை பாதிதான் சரி. கஞ்சியில் புளிப்பு மாவின் சங்கிலியையே அறுத்துவிடும். இங்கே சங்கிலி அறுபடவில்லை, சுருங்கியது. காரம் பட்ட கார்போமர் இழைகள் எதிர்மின்னூட்டம் பெற்று, ஒன்றையொன்று தள்ளி விரிந்து தண்ணீரைப் பிடித்து வைக்கின்றன. சோடியம் அயனிகள் நடுவே புகுந்தால் தள்ளல் தணிகிறது, இழை மடங்குகிறது, பிடி விடுகிறது. ஏற்கெனவே மின்னூட்டம் நிரம்பிய இழைக்கு மேலும் காரம் ஊற்றி என்ன பயன்?

கால்சியமும் மக்னீசியமும் இதைவிட மோசம். மக்னீசியத் தாதுவான மேக்னசைட் வெட்டும் ஊரின் ஆழ்குழாய்த் தண்ணீரை ஜெல் பாத்திரத்தின் அருகே விடாததன் காரணம் எனக்கு அன்றுதான் புரிந்தது.

அடுத்த முயற்சிக்குக் கார்போமருக்குப் பதிலாக மின்னூட்டமற்ற ஹைட்ராக்சிஎத்தில் செல்லுலோஸ் எடுத்தோம். உப்பு அதை அவ்வளவாக அசைக்கவில்லை.

பதிவேட்டில் கூடுதலாகச் சேர்த்த டிரைஎத்தனாலமைனின் அளவைக் கேட்கும் கட்டம் மட்டும் காலியாக இருந்தது. நான் அளக்காமல் ஊற்றியிருந்தேன். பாட்டிலைத் தராசில் வைத்து, காலை எடையிலிருந்து கழித்து நிரப்பினேன்: 38 கிராம்.