ஐப்பசி மழையைத் தாண்டிய கொல்லையடுப்பு

கார்த்திகை மழை ஓய்ந்து, மேலே மூடியிருந்த சாக்கை எடுத்துப் பார்த்தபோது, கொல்லையடுப்பில் பாத்திரத்தைத் தாங்கும் மூன்று குமிழ்களிலும் ஒரு விரிசல்கூட இல்லை. மன்னார்குடிப் பக்கத்துக் கருங்களிமண்ணில் அடுப்புப் போட்டு, நெல் அவிக்கும் அண்டாவை அதன்மேல் ஏற்றி இறக்கியவர்களுக்கு, இது எவ்வளவு பெரிய செய்தி என்று நான் விளக்க வேண்டியதில்லை. பங்குனியில் போடும் அடுப்பு சித்திரை வெயிலில் கல்லாக இறுகுவதும், மழை தொடங்கியதும் குமிழின் அடியில் மயிரிழையாகப் பிளந்து, தை பிறப்பதற்குள் வாய்ப்பக்கம் பெயர்ந்து விழுவதும் எங்கள் ஊரில் வழக்கமாகவே இருந்து வந்திருக்கிறது.

வெற்றிக்கு முதற்காரணம் மண் கலவைதான் என்பதில் எனக்கு ஐயமில்லை. எங்கள் காவிரி டெல்டாவின் வயல் மண்ணில் உள்ள களி, நீரை உள்வாங்கிப் பருத்துக் காயும்போது சுருங்கும் இனத்தைச் சேர்ந்தது. கோடையில் தரிசு வயல் பாளம் பாளமாக வெடிப்பதற்கும் அடுப்பு வெடிப்பதற்கும் காரணம் ஒன்றே. வல்லம், ஒரத்தநாடு பக்கத்துச் செம்மண்ணில் இருக்கும் களியோ பெரும்பாலும் கயோலினைட் வகையைச் சேர்ந்ததால் அவ்வளவாகப் பருப்பதில்லை. ஆகவே வயல் வண்டல் இரண்டு பங்கு, செம்மண் இரண்டு பங்கு, ஆற்று மணல் ஒரு பங்கு, உமி ஒரு பங்கு என்ற அளவில் கலந்து, விரல்கடை நீளத்துக்கு நறுக்கிய வைக்கோலும் சாணமும் சேர்த்து மிதித்து, புளித்த வாடை எழும்வரை ஈரச்சாக்கால் மூடி வைத்தேன். மண் புளித்தால்தான் வைக்கோல் இளகி மண்ணோடு பிணையும், கையில் ஒட்டாமல் வழவழவென்று வரும். இந்தக் காத்திருப்பில் யாரும் அவசரப்படக் கூடாது.

அடுப்பில் கை வைப்பதற்கு முன்பு, நீளமான மரப்பெட்டி ஒன்றில் கலவையை நிரப்பி நிழலில் உலர்த்திப் பார்ப்பதை எல்லோருக்கும் வற்புறுத்திச் சொல்வேன். வெறும் வயல் மண்ணாக இருந்தால் பெட்டியின் ஓரத்தில் விரல் நுழையும் அளவுக்கு இடைவெளி விழுந்து, நடுவிலும் இரண்டாகப் பிளக்கும். மேற்சொன்ன கலவையில் நகம் நுழையும் இடைவெளிதான் விழுந்தது. பெட்டி சொல்லும் தீர்ப்புக்குப் பிறகுதான் குமிழ் பிடிக்க வேண்டும். குமிழையும் தனியாக உருட்டி மேலே ஒட்டாமல், சுவரோடு சேர்த்தே மண்ணை இழுத்து எழுப்ப வேண்டும், ஏனெனில் ஒட்டிய இடம்தான் முதலில் விட்டுக்கொடுக்கும். முதல் நெருப்புக்குச் சுள்ளி வேண்டாம். காய்ந்த பாளையும் வைக்கோலும் போட்டு மெல்லிய சூட்டில் உள்ளிருக்கும் ஈரத்தை வெளியேற்றி, அதன் பிறகு வரட்டி, அதற்கும் பிறகே சவுக்கு விறகு என்று படிப்படியாக ஏற்றுவது நல்லது.

மண் நன்றாக அமைந்தாலும் அடியிலிருந்து ஏறும் ஓதத்தை நிறுத்தாவிட்டால் பயனில்லை. மேட்டூர் வழக்கப்படி ஜூன் 12 அன்று திறந்து, தண்ணீர் எங்கள் வாய்க்காலுக்கு வந்து சேர்ந்த சில நாட்களிலேயே, ஒரு சொட்டு மழை பெய்யாதபோதும் கொல்லைத் தரை கறுக்கத் தொடங்கிவிடும். ஆகவே மேடையின் அடியில் ஓட்டுச்சல்லியையும் பருமணலையும் முழங்கை உயரத்துக்குப் பரப்பி, அதன்மேல் செங்கல்லைச் சுண்ணாம்புக் கலவையில் கட்டினேன். அந்தச் சுண்ணாம்பில் உமிச்சாம்பலைச் சேர்த்தது நல்ல பலன் தந்தது. உமிச்சாம்பலில் பெரும்பகுதி சிலிக்கா என்பதால் சுண்ணாம்போடு சேர்ந்து ஈரத்திலும் இறுகுகிறது. சாம்பல் கருஞ்சாம்பல் நிறத்தில் இருக்க வேண்டும், கடுஞ்சூட்டில் வெந்து வெளுத்ததில் சிலிக்கா படிகமாகிவிடுவதால் அந்த வீரியம் குறைவு. அரைவை ஆலைகள் பலவும் இப்போது உமியைத் தங்கள் கொதிகலனுக்கே எரிப்பதால் உமி கிடைப்பது அரிதாகிவிட்டது, சாம்பலோ கேட்டால் அள்ளிக்கொள்ளச் சொல்கிறார்கள்.

சுண்ணாம்பு வாங்குவதில்தான் எனக்குப் பெரிய மனக்குறை. கடையொன்றில் நீற்றிய சுண்ணாம்பு என்று விற்றது காற்றுப் பட்டுச் செத்துப்போன வெறும் தூள். அதில் கலவை போட்டால் மணலாக உதிர்கிறது. சுட்ட கிளிஞ்சலாகவே வாங்கி, வீட்டுத் தொட்டியில் தண்ணீர் ஊற்றி, அது கொதித்துப் பொங்குவதைக் கண்ணால் கண்ட பிறகு பயன்படுத்துவதே பாதுகாப்பு.

கொட்டகையைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. நாங்கள் கிழக்குப் பார்த்துச் சமைப்பதால் அடுப்பு வாய் மேற்கே இருக்கிறது. ஆனி, ஆடியில் மேல்காற்று நேராக உள்ளே புகுந்து விறகை வீணாக எரித்துத் தள்ளும், ஐப்பசியில் சாரல் வடகிழக்கிலிருந்து அடிக்கும். எனவே கழற்றி மாட்டும்படி ஒரே கீற்றுத் தட்டியை முடைந்து, ஆடி முடியும்வரை மேற்கிலும் புரட்டாசிக் கடைசியில் வடகிழக்கிலும் கட்டுகிறேன். வடகம் பிழியும் சித்திரையில் அதற்கு வேலையே இல்லை. 2018 நவம்பரில் கஜா புயல் பட்டுக்கோட்டை, பேராவூரணித் தோப்புகளைச் சாய்த்த பிறகு, நல்ல முற்றிய கீற்றுக்குத் தவம் கிடக்க வேண்டியிருந்தது. இப்போது கிடைக்கிறது என்றாலும், அடுப்புக்கு நேர்மேலே கீற்று இருப்பது எனக்கு என்றுமே அச்சமாக இருப்பதால், அந்தப் பகுதிக்கு மட்டும் இடித்த வீடுகளிலிருந்து வரும் நாட்டு ஓட்டைச் சேகரித்து வருகிறேன்.

ஓடு போதிய அளவு சேர்ந்ததும், முதன்மை அடுப்பின் தணல் துளை வழியே வந்து சூடேற்றும் பக்கத்து அடுப்பான கொடியடுப்பின் பின்புறத்திலிருந்து புகைபோக்கி ஒன்றை எழுப்பும் எண்ணம் உண்டு. அது கொடியடுப்புக்குப் போகும் தணலைப் பறித்துவிடாதபடி துளையின் அளவை எப்படி வைப்பது என்பதை, மண்ணிலேயே சிறிய மாதிரி அடுப்பு ஒன்று செய்து பார்க்கத் தொடங்கியிருக்கிறேன். மேடையைச் சுற்றிய தரை இன்னும் முடியவில்லை. ஓதம் இறங்கி வாய்க்கால் வற்றும் மாசியில்தான் அதைத் திமிசு போட்டு இறுக்கி மெழுக முடியும்.