பைப்பின் வாய்க்குழல் நிறம் மாறாமல் இருக்க

புகையிலை பைப் வைத்திருப்பவர்கள் கிண்ணத்தைத்தான் விழுந்து விழுந்து துடைக்கிறார்கள், வாயில் வைக்கிற பகுதியை யாரும் கவனிப்பதில்லை, எனக்கு அது பெரிய வருத்தம். பழைய பைப்புகளில் இந்த வாய்க்குழல் பெரும்பாலும் வல்கனைட்டில்தான் செய்திருக்கும், அதாவது ரப்பரோடு கந்தகம் நிறையச் சேர்த்துச் சூடாக்கிக் கெட்டியாக்கியது. வெயிலும் காற்றும் ஈரமும் பட்டால் அதன் மேற்பரப்பு சிதைந்து, கறுப்பு போய்ப் பழுப்பும் பச்சையுமாக மாறும், கசப்பும் நாற்றமும் வேறு. அக்ரிலிக் என்ற பிளாஸ்டிக்கில் செய்த வாய்க்குழலுக்கு இந்தத் தொல்லை கிடையாது, ஆனால் அதில் ஆல்கஹாலைத் தேய்த்தால் நுண்ணிய விரிசல் விடலாம்.

புகைத்து முடித்ததும் சூட்டோடு வாய்க்குழலைக் கழற்றவே கழற்றாதீர்கள். மரத்தண்டுக்குள் செருகியிருக்கும் அதன் முளை ஒடிந்துவிடும், தண்டும் வெடிக்கலாம். நன்றாக ஆறட்டும், அப்புறம் மெல்லத் திருகிக் கழற்றி, பைப் கிளீனரை, அதாவது பஞ்சு இழை சுற்றிய மெல்லிய கம்பியை, உள்ளே விட்டு எடுத்து, வெளிப்பக்கத்தை ஈரம் இல்லாமல் துடைத்தால் போதும். தினசரி வேலை இவ்வளவுதான்.

ஏற்கெனவே நிறம் மாறிவிட்டதா? பிளீச்சில் ஊறப்போடச் சொல்வார்கள், வேண்டாம், மேற்பரப்பு சொரசொரப்பாகிக் குழிகள் விழும். சொரசொரப்பான 400 எண்ணில் தொடங்கி மிக நைசான 2000 எண் வரை நீர் உப்புத்தாளால் தண்ணீர் தொட்டுப் பொறுமையாகத் தேய்ப்பதே சரி. தயாரிப்பாளரின் முத்திரை இருக்கும் இடத்தையும் முளையையும் தொடாதீர்கள், முளை தேய்ந்தால் பிடிப்பே போய்விடும். கடைசியில் உணவுத்தர மினரல் ஆயில் ஒரு துளி தடவி, துடைத்து, வெளிச்சம் படாத இடத்தில் வையுங்கள்.