ஹேமக் எடையைக் குறைக்கணுமா? துணியை விடுங்கள், கயிற்றைப் பாருங்கள்

இரண்டு மரங்களுக்கு நடுவே கட்டித் தூங்குகிற துணிப் படுக்கையான ஹேமக்கோடு ட்ரெக்கிங் போகிறவர்கள் எடையைக் குறைக்க நினைத்ததும் முதலில் கை வைப்பது ஹேமக் துணியில்தான். அதில் குறைப்பதற்கு அவ்வளவாக ஒன்றும் இல்லை. கடையில் கிடைக்கிற இரண்டு பேர் அகல ஹேமக் அரை கிலோவுக்குக் கொஞ்சம் மேலே வரும், மெல்லிய ஒற்றை அடுக்குத் துணியில் 11 அடி நீளத்துக்குத் தைத்தது 200 முதல் 250 கிராமுக்குள் அடங்கிவிடும், அந்தக் கணக்கு அதோடு தீர்ந்தது. மிச்ச எடை முழுக்க மற்ற சாமான்களில் இருக்கிறது. மரத்தைச் சுற்றும் ஸ்ட்ராப், மாட்டுகிற உலோகக் கொக்கியான காரபினர், மழைக்கு மேலே கட்டுகிற விரிப்பான டார்ப், கொசுவலை, எல்லாவற்றுக்கும் மேலாக முதுகுக்குக் கீழே குளிரைத் தடுக்கிற சமாச்சாரம். "டென்டை விட ஹேமக் லேசு" என்று அடித்துச் சொல்கிறவர்களில் பாதிப் பேர் இந்தக் கடைசி ஐட்டத்தைத் தராசில் வைப்பதே இல்லை. ட்ரெக்கிங் கம்பை முட்டுக் கொடுத்து நிறுத்துகிற ஒற்றை ஆள் டென்ட் ஒரு கிலோவுக்கும் கீழே கிடைக்கும்போது ஹேமக் எடையில் பெரிதாக ஜெயிக்கப் போவதில்லை. கல்லும் சரிவும் ஈரமுமான இடத்தில்கூட முதுகு வலிக்காமல் தூங்கலாம் என்பதற்காகத்தான் அதைச் சுமக்கிறோம், அந்தத் தூக்கத்தைக் கெடுக்காமல் எங்கே வெட்டலாம் என்பதுதான் கேள்வி.

தராசு இல்லாமல் இதில் இறங்காதீர்கள். சமையலறைத் தராசே போதும். ஒவ்வொரு துண்டையும் தனித்தனியாக நிறுத்து எழுதிவையுங்கள், பை தனி, கயிறு தனி, கொக்கி தனி. எங்கே வெட்டுவது என்று அந்தப் பட்டியலே காட்டிவிடும்.

நான் எப்போதும் முதலில் தொடச் சொல்வது தொங்கவிடுகிற அமைப்பை. ஹேமக்கோடு சேர்த்து விற்கிற, வரிசையாக வளையம் வளையமாகத் தைத்த ஸ்ட்ராப் ஜோடி 300 கிராம் வரை வரும், சில சமயம் ஹேமக் துணியை விடவும் கனம். அத்தனை வளையமும் எதற்கு? இரண்டு மரங்களுக்கும் நடுவே இடைவெளி எவ்வளவு இருந்தாலும் எங்காவது ஒரு வளையத்தில் கொக்கியை மாட்டலாம் என்பதற்கு. அந்த வேலையை ஒரு முடிச்சே செய்துவிடும். பெக்கெட் முடிச்சு என்பார்கள். ஹேமக்கின் இரண்டு முனைகளிலும் டைனீமா என்கிற லேசான, மிக வலுவான செயற்கை நார்க் கயிற்றில் ஒரு சிறிய வளையம் போட்டுக்கொள்ளுங்கள். சாதாரணப் பட்டை ஸ்ட்ராப்பை மரத்தைச் சுற்றி, அதன் தைத்த கண் வழியாக இழுத்துவிட்டு, வாலை ஹேமக் வளையத்துக்குள் கீழிருந்து மேலே கொண்டுவந்து, வளையத்தின் இரண்டு கால்களையும் பின்பக்கமாகச் சுற்றி, தன் அடியிலேயே ஒரு மடிப்பாகச் செருகி இறுக்கினால் முடிந்தது. காலையில் வாலைப் பிடித்து இழுத்தால் அவிழ்ந்து வரும். காரபினர் வேண்டாம், பக்கிள் வேண்டாம். பட்டை பாலியெஸ்டரில் இருந்தால் நல்லது, நைலான் பட்டை ராத்திரி மெல்ல மெல்ல நீண்டு விடிகிற நேரத்துக்கு உங்களைத் தரைக்குப் பக்கத்தில் இறக்கியிருக்கும். டைனீமா வகை நாரில் நெய்த பட்டை இன்னும் லேசு, ஆனால் வழவழப்பு. அதில் முதல் தடவை கட்டும்போது தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் கட்டி, உட்கார்ந்து, கொஞ்சம் குதித்துப் பார்த்துவிட்டு அப்புறம் படுங்கள்.

முடிச்சே பிடிக்காது என்றால் ஊப்பி ஸ்லிங் இருக்கிறது. 2.8 மில்லிமீட்டர் டைனீமா கயிற்றைத் தனக்குள்ளேயே நுழைத்து நீளத்தைக் கூட்டிக் குறைக்கிற மாதிரி செய்வது அது. இந்தக் கயிறு அறுபட 700 கிலோவுக்கு மேல் இழுவிசை வேண்டும், எடையோ சில கிராம்கள்தான். ஆனால் இந்த நார் உருகும் வெப்பநிலை குறைவு, 150 டிகிரி செல்சியஸ்கூட வராது, அதனால் தீப்பக்கம் காட்டக் கூடாது. சாதாரண முடிச்சும் இதில் நிற்காது, கயிற்றைத் தனக்குள்ளேயே செருகி இணைக்கிற ஸ்ப்ளைஸ்தான் போட வேண்டும். ஊசி மாதிரி மடித்த மெல்லிய கம்பி ஒன்று இருந்தால் வீட்டிலேயே செய்துவிடலாம்.

லேசான கயிறுக்கு மாறுகிறவர்கள் கோணத்தில் கவனமாக இருக்க வேண்டும். கயிறு கிடைமட்டத்திலிருந்து 30 டிகிரி சரிவில் இருந்தால் ஒவ்வொரு பக்கமும் உங்கள் உடல் எடை அளவுக்கு இழுவிசை விழும். 15 டிகிரி என்றால் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு, 10 டிகிரி என்றால் ஏறத்தாழ மூன்று மடங்கு. விறைப்பாக இழுத்துக் கட்டினால் சமமாகப் படுக்கலாம் என்று நினைக்கத் தோன்றும், நடப்பது நேர்மாறு. தொய்வாகக் கட்டி, துணியில் குறுக்காகச் சாய்ந்து படுத்தால்தான் முதுகு நேராகும். ஹேமக் முனையிலிருந்து முனைக்கு ஒரு மெல்லிய கயிறு, துணி நீளத்தில் 83 சதவீதம் வருகிற மாதிரி கட்டிவிட்டால் எந்த மரத்தில் கட்டினாலும் தொய்வு ஒரே அளவில் இருக்கும். 11 அடி ஹேமக்குக்கு அது சுமார் 2.8 மீட்டர். எடை பத்துப் பதினைந்து கிராம்தான், அதை மட்டும் எடுத்துவிடாதீர்கள். அதே மாதிரி 9 அடி ஹேமக், குறுகல் துணி என்று போய் ஐம்பது கிராம் மிச்சம் பிடிக்கிற வேலையும் வேண்டாம். குறுக்கே படுக்க இடம் இல்லாத ஹேமக் என்பது பெரியவர்களுக்குக் கட்டிய தூளிதான், முதுகு வில்லாக வளைந்தே கிடக்கும்.

ஸ்ட்ராப்பின் அகலத்தையும் ஒரு அங்குலத்துக்குக் கீழே கொண்டுபோகாதீர்கள். மெல்லிய கயிற்றை நேராக மரத்தில் சுற்றினால் மரப்பட்டைக்குள் வெட்டிக்கொண்டு இறங்கும்.

சரி, குளிருக்கு வருவோம். பெரிய எடை இங்கேதான் இருக்கிறது. படுத்தவுடன் உங்கள் கனமே ஸ்லீப்பிங் பேக்கின் அடிப்பாகத்தை நசுக்கிவிடும். நசுங்கிய பஞ்சில் காற்று இல்லை, காற்று இல்லை என்றால் கதகதப்பும் இல்லை. அடியில் வேறு காற்று ஓடிக்கொண்டே இருக்கும். இருபது டிகிரிக்குக் கொஞ்சம் கீழே போனாலே முதுகு சில்லிட ஆரம்பித்துவிடும். அண்டர்குவில்ட் என்கிற அடிப்போர்வை இதற்காகத்தான், ஹேமக்குக்கு வெளியே அடியில் தொங்குவதால் அது நசுங்காது. தலை முதல் கால் வரை மூடுகிற, டௌன் என்கிற மென்மையான இறகுத் தூவி அடைத்த அண்டர்குவில்ட், உறைநிலை வரை தாங்குவது, 550 முதல் 600 கிராம் வரும். தோளிலிருந்து முழங்கால் வரை மட்டும் மூடுகிற முக்கால் அளவு வாங்கினால் 400 கிராம் பக்கம் வரும், காலுக்கு அடியில், உட்காருவதற்கு வைத்திருக்கிற சின்ன ஃபோம் துண்டைப் போட்டால் போதும். எனக்கு இந்த மொத்த அமைப்பிலேயே கொடுத்த காசுக்குப் பலன் தருகிற பொருள் என்றால் முக்கால் அண்டர்குவில்ட்தான். மேலே போர்த்த முழு ஸ்லீப்பிங் பேக்கும் தேவையில்லை, அடிப்பாகமே இல்லாத டாப்குவில்ட் போதும். எப்படியும் நசுங்கப் போகிற பஞ்சை எதற்குச் சுமப்பது?

அண்டர்குவில்ட்டைக் கட்டுவதில்தான் விஷயம் இருக்கிறது. படுத்த பிறகு கையை வெளியே நீட்டி, துணிக்கும் குவில்ட்டுக்கும் நடுவே விரல்களை விட்டுப் பாருங்கள். முதுகுக்கு அடியில் கை புகுமளவுக்கு இடைவெளி இருந்தால் அங்கே குளிர்ந்த காற்று தேங்கி நிற்கிறது என்று அர்த்தம், எலாஸ்டிக்கைக் கொஞ்சம் இறுக்க வேண்டும். ரொம்ப இறுக்கினால் பஞ்சு நசுங்கிப் பழைய கதையாகிவிடும். தோளுக்குப் பின்னால் இருக்கிற ஓரத்தை மறக்காமல் சரிபாருங்கள், காற்று பெரும்பாலும் அங்கிருந்துதான் உள்ளே வரும். குவில்ட்டைப் போதிய அளவு சூடானதாக வாங்கிவிட்டு, இதைச் சரியாகக் கட்டத் தெரியாமல் இன்னும் கனமான குவில்ட் வாங்குகிறவர்கள் நிறையப் பேர்.

டார்ப்பைக் கடைசிக்கு வையுங்கள். டைனீமா நாரைப் பிளாஸ்டிக் படலங்களுக்கு நடுவே ஒட்டிச் செய்த டைனீமா காம்போசிட் துணியில் அறுகோண டார்ப் 200 கிராமுக்குள் வந்துவிடும், ஈரம் குடிக்காது, தொய்யாது, ஆனால் மிச்சமாகிற ஒவ்வொரு கிராமுக்கும் கொடுக்கிற காசு இங்கேதான் மிக அதிகம். சிலிகான் பூசிய நைலானான சில்நைலான் மழையில் நனைந்தால் நீண்டு தொங்கும், நடுராத்திரி எழுந்து கயிற்றை இழுத்துக் கட்ட வேண்டியிருக்கும். சிலிகான் பூசிய பாலியெஸ்டரான சில்பாலி அவ்வளவு தொய்யாது, நடுவாந்தரமான தேர்வு அதுதான். வைர வடிவ டார்ப் லேசு என்றாலும் காற்றோடு சேர்ந்து அடிக்கிற மழையில் இரண்டு முனையும் நனையும். கட்டிய ஹேமக் முனைக்கு முனை 2.8 மீட்டர், டார்ப் 11 அடி என்றால் ஒவ்வொரு பக்கமும் ஒரு முழத்துக்கும் குறைவாகத்தான் மிஞ்சுகிறது, அதற்கும் கீழே நான் போக மாட்டேன். ஸ்ட்ராப் வழியாக ஓடிவருகிற தண்ணீர் வேறு இருக்கிறது. டார்ப்புக்கு அடியில், ஹேமக்குக்குச் சற்று முன்னால், ஸ்ட்ராப்பில் ஒரு விரல் நீள நூலைக் கட்டித் தொங்கவிடுங்கள், தண்ணீர் அந்த நூலைப் பிடித்துக் கீழே சொட்டிவிடும்.

டார்ப் கயிறுகளைத் தரையில் கட்ட முளைகள் நாலு போதும், அலுமினியத்தில் ஒவ்வொன்றும் 13 கிராம் மாதிரி, டைட்டானியம் கொக்கி முளை அதில் பாதி. கொசுவலை விஷயத்தில் அண்டர்குவில்ட் இருந்தால் அடிப்பக்கம் தானாகவே மூடப்பட்டுவிடும், அதனால் தலையிலிருந்து இடுப்பு வரை வருகிற அரை வலை பெரும்பாலும் போதும். குவில்ட் இல்லாத வெயில் காலத்தில் மெல்லிய துணி வழியாகவே கடிக்கும், அப்போது துணியின் வெளிப்பக்கம் பெர்மெத்ரின் என்கிற பூச்சிக்கொல்லியை அடித்துக் காயவிடலாம். வீட்டில் பூனை இருந்தால் காய்கிற வரை அந்தப் பக்கம் விடாதீர்கள், அதற்கு அது விஷம். ஒவ்வொரு சாமானுக்கும் ஒரு உறை என்று வருகிறதே, அதையெல்லாம் வீட்டில் வைத்துவிட்டு, பேக்குக்குள் ஒரே பெரிய பிளாஸ்டிக் பையை விரித்து குவில்ட்களை அப்படியே திணியுங்கள். டார்ப் மட்டும் வெளிப் பாக்கெட்டில், ஈரத்தோடு சுருட்டிப் போட வசதியாக.

இப்படிப் பார்த்தால் மூன்று கிலோவைத் தாண்டியிருந்த கடைச் சாமான் மூட்டை, டாப்குவில்ட்டையும் சேர்த்து 1.7 கிலோ பக்கம் வந்து நிற்கும். அண்டர்குவில்ட்டுக்குப் பதிலாக ஃபோம் பாய் போடுவதில் எடை மிச்சம் பெரிதாக இல்லை, அது ராத்திரி நழுவும், முதுகில் வியர்க்கும். ஆனால் மரமே இல்லாத உயரத்தில் ஒரு ராத்திரி தங்க வேண்டிய பாதை என்றால் அந்தப் பாய் தரையிலும் உதவும், டார்ப்பை ட்ரெக்கிங் கம்பில் நிறுத்திக்கொள்ளலாம். பாதிக்கு மேல் ராத்திரிகள் மரமில்லாத இடத்தில் என்றால் யோசிக்கவே வேண்டாம், டென்டை எடுத்துக்கொண்டு போங்கள்.