எக்ஸ்ரேயில் சிக்காத தோள்வலி

மலேசியாவில், சுங்கை சிப்புட்டில் காந்தி கலாசாலைப் பள்ளிப் பக்கம் எனக்குப் பலகாரக் கடை. காலையில் பசியாற வருகிறவர்களுக்காக நாலு மணிக்கே எழுந்து மாவு கரைக்கிற ஆள் நான். போன வருஷம் என் இடது கை, ஜாக்கெட் கொக்கி வரைக்கும் போக மாட்டேன் என்று நின்றுவிட்டது. முதலில் ராத்திரியில்தான் வலி. அந்தப் பக்கம் புரண்டு படுத்தால் உயிர் போய் வரும். அப்புறம் தலை பின்ன முடியவில்லை, மேல்தட்டு மிளகாய்த்தூள் டின்னை எடுக்க முடியவில்லை.

சுளுக்கு என்றார்கள் எல்லாரும். எங்கள் பழைய தோட்டத்து லயத்துப் பெரியம்மா நல்லெண்ணெய் காய்ச்சி மூன்று தடவை உருவிவிட்டார். மூன்றாவது தடவை நான் போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. டவுனில் ஒரு கிளினிக்கில் எக்ஸ்ரே எடுத்து, "ஒன்னும் இல்லம்மா" என்று மாத்திரை கொடுத்தார்கள். ஒன்றுமில்லாத கை ஏன் தூக்க வரவில்லை? கேட்டேன், பதில் வரவில்லை.

இனிப்பு நீருக்கு, அதாவது சர்க்கரை நோய்க்கு, நான் போகிற அரசாங்க கிளினிக்கில்தான் விஷயம் பிடிபட்டது. 1 வெள்ளி (ரிங்கிட்) கட்டணம். டாக்டர் சின்னப் பெண். எக்ஸ்ரேயைப் பார்த்து, "மூட்டுத் தேய்மானம் இல்ல, நல்லது" என்று ஓரமாக வைத்தார். முழங்கையை விலாவோடு ஒட்டிக்கொள்ளச் சொல்லி முன்கையை வெளிப்பக்கம் திருப்பினார். வலது கை கதவு மாதிரி திறந்தது. இடது கை அவரே திருப்பியும் தூக்கியும் அசையவில்லை.

"நீங்க தூக்க முடியாம, நான் தூக்கினா வந்துச்சுன்னா தசைநார் கிழிஞ்சிருக்கலாம். நான் தூக்கியும் வரல. மூட்டைச் சுத்தி இருக்கிற பை இறுகிப்போச்சும்மா, ஃப்ரோசன் ஷோல்டர். இனிப்பு நீர் உள்ளவங்களுக்கு அதிகம் வரும்."

இருந்தாலும் கிழிசலோ சுண்ணாம்புப் படிவோ கூட இருக்கிறதா என்று பார்த்துவிட அல்ட்ராசவுண்ட் எழுதினார். ஈப்போவில் ஒரு மருத்துவமனை. தேதி கிடைத்தது ஏழு வாரம் கழித்து. அந்த ஏழு வாரமும் நான் உட்கார்ந்தே தூங்கினேன்.

ஸ்கேன் என்றதும் குழாய்க்குள் தள்ளுவார்களோ என்று பயந்தேன். பிள்ளைத்தாய்ச்சி வயிற்றில் வைப்பார்களே, அதே கருவிதான். ஒரு நாற்காலி, ஜில்லென்று கொஞ்சம் ஜெல். முதலில் நல்ல தோளைப் பார்த்தார்கள். வலிக்கிற கையை விட்டுவிட்டு இது எதற்கு என்று எனக்கு எரிச்சல். ஒப்பிட்டுப் பார்க்கத்தானாம். தோளின் முன்பக்கத் தசைநார் ஒன்று வலதில் 1.3 மில்லிமீட்டர், இடதில் 3. அக்குள் பக்கத்துப் பையும் தடித்திருந்தது. கையைப் பக்கவாட்டில் தூக்கச் சொல்லி அப்படியே திரையைக் காட்டினார் அங்கிருந்த டாக்டர். வலதில் இன்னொரு தசைநார் வெள்ளைப் பட்டையாக எலும்புக்கு அடியில் வழுக்கிக்கொண்டு உள்ளே போனது. இடதில் அதே பட்டை பாதி வழியில் நின்றது. ஆறு மாதமாக நான் சொல்லிக்கொண்டிருந்தது இதைத்தான்.

கிழிசல் இல்லை. ஆனால் இந்தப் படத்தை மட்டும் வைத்து நோயை முடிவுகட்ட மாட்டோம், கையைத் திருப்பிப் பார்த்ததுதான் முக்கியம் என்றும் அவர் சொன்னார். அந்த 1 வெள்ளி டாக்டரை நினைத்துக்கொண்டேன்.

பிறகு இன்னொரு நாள், அதே திரையில் ஊசி போகும் வழியைப் பார்த்தபடியே மூட்டுக்குள் ஸ்டீராய்டு போட்டார்கள். சர்க்கரை ஏறும் என்று முன்கூட்டியே எச்சரித்தார்கள். மறுநாள் காலை சர்க்கரை 15 mmol/L (சுமார் 270 mg/dL) காட்டியது, இறங்க நாலைந்து நாளானது. இனிப்பு நீர்க்காரர்கள் இதைக் கேட்டு வைத்துக்கொண்டே ஊசிக்குப் போங்கள்.

ராத்திரித் தூக்கம் ஒரு வாரத்தில் திரும்பியது. கை அவ்வளவு சீக்கிரம் வரவில்லை. தினமும் சுவரில் விரலால் ஏறி, எட்டிய இடத்தில் பென்சில் கோடு போடுகிறேன். மிளகாய்த்தூள் டின் எட்டுகிறது. கொக்கியை இன்னும் மகள்தான் மாட்டிவிடுகிறாள்.