வலது கால்

மே 4
கத்திரி இன்று ஆரம்பம். காலையில் சர்க்கரைப் புண்ணுக்குக் கட்டு மாற்றினார்கள். வலது காலை ஊன்றவே கூடாதாம்.

மே 5
ராணிப்பேட்டையில் நான் ஓட்டுகிற லாரிக்கு லோடு ஏறிவிட்டது. ஆக்ராவுக்குத் தோல். தம்பிதான் ஓட்டுகிறான். நல்ல பையன், ஆனால் அந்த வண்டி அவன் கைக்குப் புதுசு. போனில் ஒன்றே ஒன்றுதான் சொன்னேன். "இடது பக்கம் பின்னாடி உள் டயரைப் பாத்துக்கோடா." "பாக்கறேண்ணா" என்றான். பார்த்தால் வெளி டயர்தான் தெரியும். உள் டயரை ராடால் தட்டிச் சத்தத்தைக் கேட்க வேண்டும். காற்று இருந்தால் ராடு துள்ளும். இறங்கியிருந்தால் சொத்தென்று விழும். அப்புறம் ரெண்டு டயரின் சுமையையும் வெளி டயர் ஒன்றே தாங்கிச் சூடேறும். இந்த வெயிலில் வெடித்தே தீரும்.

மே 6
கடப்பா தாண்டி, கர்னூலும் தாண்டிவிட்டான். தட்டினானாம்.

மே 8
வாணியம்பாடி பாயும் குடியாத்தம் அண்ணனும் வந்திருந்தார்கள். பாய் கையில் பிள்ளைகளுக்கு ஆற்காடு மக்கன் பேடா. வீட்டுக்காரி டப்பாவை என் கண்ணில் படாமல் உள்ளே கொண்டுபோனாள்.

"இன்னா மாமே, கால் எப்டி கீது?" என்று அண்ணன் ஒரே ஒரு தடவை கேட்டார். மற்றதெல்லாம் ரோட்டுப் பேச்சுதான். எனக்கும் அதுதான் வேண்டியிருந்தது. நாசிக் வெங்காயம் ஏற்றி வரும்போது நடுவழியில் மழை பிடித்துக்கொண்டதாம். தார்ப்பாயை இழுத்து மூடினால் மூட்டை புழுங்கி அழுகும், திறந்தால் நனையும். ராத்திரி முழுக்க அவிழ்ப்பதும் கட்டுவதுமாக வந்து, வேலூர் நேதாஜி மார்க்கெட்டில் இறக்கியிருக்கிறார். பாய் இப்போது ஐதராபாத்துக்கு அப்பால் தாபா பக்கமே போவதில்லையாம். பங்க் ஓரம் வண்டியைப் போட்டு, அடுப்பு மூட்டி, சோறும் ரசமும். "ரொட்டி தின்னா வவுறு ரொம்புது, மனசு ரொம்பல" என்றார்.

2025 அக்டோபரிலிருந்து தயாராகிற லாரிக்கெல்லாம் ஏசி கேபின் கட்டாயம் என்று பேச்சு வந்தது. "நம்ம வண்டிக்கு யார் போடுவா?" என்றார் பாய். நான் ஒன்றும் சொல்லவில்லை. என் காலுக்கு வந்ததே கேபின் சூட்டினால்தான். எஞ்சின் பக்கத்துத் தகடு கொதித்துக் கிடந்திருக்கிறது. கால் பட்டது, சுட்டது, எதுவும் எனக்குத் தெரியவில்லை.

மே 9
தினப்படி இல்லை. ஓட்டினால்தானே படி.

மே 10
தம்பிக்கு லைன் கிடைக்கவில்லை. நாக்பூர் தாண்டி சிவனி வரை காடு. அங்கே புலி, மான் கடக்க ரோட்டையே பாலமாகத் தூக்கிக் கட்டியிருக்கிறார்கள். சில இடத்தில் டவர் இருக்காது. தெரிந்ததுதான். இருந்தாலும் சாப்பிடப் பிடிக்கவில்லை.

மே 11
காலையில் பேசினான். சார்ஜ் தீர்ந்துவிட்டதாம். திட்டிவிட்டேன். பிறகு சாப்பிட்டாயா என்று கேட்டேன்.

மே 13
ஆஸ்பத்திரியில் கண்ணை மூடச் சொல்லி, நைலான் நூல் மாதிரி ஒன்றால் பாதத்தில் அங்கங்கே அழுத்தினார்கள். தெரிந்தால் சொல்ல வேண்டும். குதிகாலில் தெரிந்தது. கட்டைவிரலுக்குக் கீழே, பெடலில் பதிகிற அந்த இடத்தில், எப்போது தொட்டார்கள் என்றே தெரியவில்லை. டாக்டரம்மா எழுதிக்கொண்டே இருந்தார். நான் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஏர் பிரேக்குக்குப் பலம் வேண்டாம். கணக்கு வேண்டும். லோடு வண்டி இறக்கத்தில் எவ்வளவு அழுத்தினால் எங்கே நிற்கும் என்பது காலுக்குத்தான் தெரியும், புத்திக்குத் தெரியாது. முன்னால் பைக்கில் குழந்தையை வைத்துக்கொண்டு ஒருத்தன் போனால்? ராத்திரி வீட்டுக்காரி தூங்கின பிறகு கட்டிலில் உட்கார்ந்தபடி பஞ்சால் தடவிப் பார்த்தேன். பிறகு சீப்பு முனையால். இடது காலில் கூசியது.

மே 14
ஆக்ராவில் லோடு இறக்கியாயிற்று. உருளைக்கிழங்குக்குக் காத்திருக்கிறான்.

மே 16
கிழங்கு ஏறிவிட்டது. ஓனர் நாலே நாளில் வேலூர் வரச் சொல்கிறாராம். சரக்கோடு போகிற இ-வே பில் காகிதமே 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் தருகிறது. ஒரு நாளைக்கு எட்டு மணி நேரத்துக்கு மேல் ஓட்டக் கூடாது என்று 1961-லேயே சட்டம் போட்டார்கள். காகிதம் கொடுக்கிற நேரத்தை மனுஷன் பிடுங்கிக்கொள்கிறான். தம்பியிடம் சொன்னேன்: "கண்ணு சொருகினா ஓரங்கட்டித் தூங்கு. ஓனர் கேட்டா நான் பேசிக்கறேன்."

மே 17
வெயில். புண் ஓரம் சிவந்திருக்கிறது என்றார்கள்.

மே 19
ஜான்சியில் உள் டயர் பஞ்சராம். தட்டிப் பார்த்துக் கண்டுபிடித்தது அவன்தான். அழுகை வந்துவிட்டது எனக்கு.

மே 20
ஹெவி லைசென்ஸ் அடுத்த மாதம் முடிகிறது. புதுப்பிக்க டாக்டர் சான்று வேண்டும். ஃபாரத்தை மகள் பிரிண்ட் எடுத்து வந்தாள். நாளைக்குக் கட்டு மாற்றும்போது டாக்டரம்மாவிடம் நேராகவே கேட்டுவிடப் போகிறேன். கையெழுத்துப் போடுங்கள் என்று இல்லை. உங்கள் பிள்ளை ரோட்டில் நடக்கும்போது, பின்னால் வருகிற வண்டியில் நான் இருந்தால் பரவாயில்லையா என்று.