காற்றாடிமலைக்குப் போகும் முன்

எங்கள் வீட்டில் ஜனவரி 14 என்றால் காற்றாடிமலைதான். மார்த்தாண்டத்தில் பஸ் ஏறி நாகர்கோவில், அங்கிருந்து ஆரல்வாய்மொழி. இறங்கியதும் மலையடிவாரம் வரை நடந்தே போவோம். அம்மா கையில் மெழுகுவர்த்திக் கட்டு இருக்கும், என் கையில் தண்ணீர்க் குப்பி. 1752-இல் இதே நாளில், விசுவாசத்துக்காக உயிர் கொடுத்த மறைசாட்சி தேவசகாயத்தைச் சுட்டுக் கொன்ற இடம் அது. அவர் இறந்தபோது விழுந்தது என்று ஒரு பாறையைக் காட்டுவார்கள். சிறு கல்லால் தட்டினால் மணி ஓசை வரும். மணியடிச்சான் பாறை என்று பெயர். அம்மா ஒரே ஒரு தடவை தட்டுவார். பிறகு பாறையில் நெற்றியை வைத்துக்கொண்டு நெடுநேரம் நிற்பார். வெயில் ஏறும், கூட்டம் நெருக்கும், அம்மா அசைய மாட்டார்.

அண்ணனுக்காகத்தான் அந்த நிற்பு. 1996-இல் ஒரு விடியற்காலை அண்ணன் வீட்டை விட்டுப் போனார். அப்போது அவருக்கு வயது 24. மனம் சரியில்லாமல் இரண்டு வருடம் ஆகியிருந்தது. அதன்பிறகு நாங்கள் அவரைப் பார்க்கவில்லை.

அம்மாவும் போய்விட்டார். இந்த வருடம் மலைக்குப் போகும் முன் பத்து நாள், வீடில்லாதவர்களைப் பராமரிக்கும் ஓர் இல்லத்தில் வேலை செய்வதாக நேர்ந்துகொண்டேன். மெழுகுவர்த்தி ஏற்றுவது, முடி இறக்குவது, உப்பும் மிளகும் போடுவது எல்லாம் எங்கள் வீட்டில் செய்து பார்த்தாயிற்று. உடம்பால் செய்கிற ஒரு நேர்ச்சை பாக்கி இருப்பதாக எனக்குத் தோன்றிக்கொண்டே இருந்தது.

இல்லம் களியக்காவிளையைத் தாண்டி, பாறசாலைப் பக்கம், ரப்பர் மரங்களுக்கு நடுவே இருக்கிறது. கன்னியாஸ்திரிகள் நடத்துகிறார்கள். பெயரைச் சொல்ல வேண்டாம் என்று பெரிய சிஸ்டர் கேட்டுக்கொண்டதால் சொல்லவில்லை. கேரளத்து எல்லைக்குள் இருந்தாலும் தமிழ் சகஜமாகக் காதில் விழும் ஊர். 1956 நவம்பர் 1 வரை இரண்டு பக்கமும் ஒரே மாநிலம்தானே. விளவங்கோடு தாலுகா தமிழ்நாட்டுக்கு வந்தது, நெய்யாற்றின்கரை தாலுகா கேரளத்தோடு நின்றது. சொந்தபந்தம் இரண்டு பக்கமும் இருக்கிறது. பெரிய சிஸ்டருக்கு அம்மா வீடு நட்டாலம் பக்கம். என்னைப் பார்த்ததும், "வா மக்களே, சாப்பிட்டியா?" என்றார். எதற்கு வந்தாய் என்று கேட்கவில்லை.

இங்கே இருப்பவர்களில் பாதிப் பேருக்குத் தமிழும் தெரியாது, மலையாளமும் தெரியாது. எப்படி இவ்வளவு தூரம் வந்தார்கள் என்று கேட்டேன். "ரயில்தான்" என்றார் சிஸ்டர். அசாமின் திப்ருகரிலிருந்து கன்னியாகுமரிக்கு வரும் விவேக் எக்ஸ்பிரஸ் 4,000 கிலோமீட்டருக்கு மேல் ஓடி வருகிறது. மனம் கலங்கிய ஒருவர் எங்கோ ஒரு ஸ்டேஷனில் ஏறிவிட்டால், தண்டவாளம் முடிகிற இடம் வரை வந்துவிடுவார். அதற்குமேல் கடல். கொஞ்ச நாள் அங்கே திரிந்துவிட்டு, வந்த திசையிலேயே ரோட்டோரமாக நடக்கத் தொடங்குவார். அப்படி நடந்து வந்தவர்களைத்தான் பஸ் ஸ்டாண்டிலிருந்தும் கடைத்திண்ணையிலிருந்தும் போலீசும் ஊர்க்காரர்களும் இங்கே கூட்டி வருகிறார்கள். 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டப்படி, மனநோயோடு தெருவில் அலைபவரைப் பாதுகாப்பில் எடுத்து, 24 மணி நேரத்துக்குள் அரசு மருத்துவ நிலையத்துக்குக் கொண்டுபோவதும், குடும்பத்தைத் தேடுவதும் போலீசின் பொறுப்பு. ஸ்டேஷன் கடிதமும் மருத்துவச் சீட்டும் இல்லாமல் இங்கே யாரையும் சேர்ப்பதில்லை.

காலை ஐந்துக்கு மணி அடிக்கும். சிற்றாலயத்தில் ஜெபம் முடிந்ததும் பெண்கள் கூடத்தில் எனக்கு வேலை. முதலில் இரவில் நனைந்த விரிப்புகளை உருவ வேண்டும். ரப்பர் ஷீட்டைக் கழுவி வெயிலில் போட வேண்டும். பிறகு குளிப்பாட்டுவது. எழுந்து நடக்கிறவர்கள் தாங்களே குளிப்பார்கள், முதுகு மட்டும் தேய்த்துவிட்டால் போதும். படுக்கையில் இருப்பவர்களை இரண்டு பேர் சேர்ந்துதான் தூக்க முடியும். தண்ணீர் இளஞ்சூடாக இருக்கிறதா என்று சிஸ்டர் ஒவ்வொரு வாளியிலும் முழங்கையை நனைத்துப் பார்ப்பார். பிள்ளை குளிப்பாட்டும் பாட்டிமார் செய்கிற அதே பரிசோதனை.

முதல் நாள் மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் எல்லாம் செய்தேன். நாலாம் நாள், மூச்சைப் பிடிக்க மறந்துபோனது மத்தியானம்தான் நினைவுக்கு வந்தது.

புண்ணுக்கு மருந்து போடுவது நர்ஸ் படித்த சிஸ்டரின் வேலை. புதிதாக வந்த ஒரு பாட்டிக்குக் குதிகாலில் புழு வைத்திருந்தது. டர்பன்டைன் எண்ணெய் விட்டுக் காத்திருந்து, புழு மேலே வர வர இடுக்கியால் எடுத்தார். முக்கால் மணி நேரம் ஆனது. அந்த நேரம் முழுவதும் பாட்டியோடு பேசிக்கொண்டே இருந்தார், அவருக்குப் புரியாத மொழியில். நான் விளக்குப் பிடித்தேன். பாட்டி என் முந்தானையைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

காலையில் சம்பா அரிசிக் கஞ்சி, சிறுபயறு, தேங்காய்த் துவையல். சாயங்காலம் கட்டன் சாயா. வாரத்தில் ஒரு நாள் மரச்சீனிக் கிழங்கும் மீன் குழம்பும் உண்டு. பொழியூர்க் கடற்கரையிலிருந்து ஒருவர் சாளை கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போவார். பல் இல்லாதவர்களுக்கு முள் எடுத்துக் கொடுக்க வேண்டும். சாளையில் முள் எடுப்பது எவ்வளவு நேரம் பிடிக்கும் என்று சாப்பிடுகிறவர்களுக்குத் தெரியும். அன்றைக்கு நாங்கள் சாப்பிட மூன்று மணி ஆகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமைகளில் பிறந்தநாள், நினைவுநாள் என்று யாராவது சாப்பாடு கொடுக்க வருவார்கள். போட்டோ எடுக்கக் கூடாது என்பது மட்டும்தான் அவர்களுக்கு நிபந்தனை. அது மிகச் சரியான நிபந்தனை. பசியோடு தட்டு ஏந்துகிறவரின் முகத்தை எடுத்துப் போக நமக்கு உரிமை கிடையாது.

இரவு எட்டு மணிக்கு ஜெபமாலை, அது முடிந்ததும் மாத்திரை. ஜெபத்துக்கு வர வேண்டும் என்று யாருக்கும் கட்டாயமில்லை. ஒரு தாத்தா தினமும் வந்து முன்வரிசையில் உட்காருவார். "அருள் நிறைந்த மரியே" என்று நாங்கள் தொடங்கினால், அவர் "நாராயணா, நாராயணா" என்று பதில் சொல்வார். ஐம்பத்து மூன்று மணிக்கும் அப்படித்தான். யாரும் திருத்துவதில்லை. மூன்றாம் நாளிலிருந்து அந்தக் குரல் இல்லாமல் ஜெபமாலை சொல்ல எனக்கே முடியாது போலிருந்தது.

ஆண்கள் கூடத்துக்கு நான் போவது மத்தியானச் சோறு பரிமாறும்போது மட்டும். வாளியோடு ஒவ்வொரு தட்டாகக் குனிவேன். குனியும்போதெல்லாம் முகத்தைப் பார்ப்பேன். ஐம்பதைத் தாண்டியவர், மெலிந்தவர், வலது புருவத்துக்கு மேல் மச்சம். இருபத்தெட்டு வருடமாக பஸ்ஸிலும் சந்தையிலும் திருவிழாக் கூட்டத்திலும் பார்த்துப் பார்த்து என் கண்ணுக்கு அது பழக்கமாகிவிட்டது. அங்கே ஒருவருக்கும் அந்த மச்சம் இல்லை.

ஆறாம் நாள் நடந்ததைச் சொல்ல வேண்டும்.

பெண்கள் கூடத்தில் ஓர் அக்கா இருந்தார். ஒடியா பேசுகிறவர் என்பதை, பக்கத்துச் செங்கல் சூளையில் வேலை செய்யும் ஒடிசாப் பையன் ஒருவன்தான் கண்டுபிடித்திருந்தான். ஞாயிறுதோறும் வந்து அரைமணி நேரம் அவரோடு பேசிவிட்டுப் போவானாம். அந்த அக்கா ஒரு மூட்டையை விடவே மாட்டார். உள்ளே கிழிந்த பை, பாக்கெட் உறைகள், நாலைந்து கூழாங்கல். குளிக்க வைக்க வேண்டுமென்றால் மூட்டையை அவர் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி ஒரு ஸ்டூலில் வைக்க வேண்டும். அன்று வைத்துவிட்டு, அவர் காலுக்குச் சோப்புப் போட்டேன். கணுக்காலைச் சுற்றிக் கை ஓரிடத்தில் தடுத்தது. வளையம் போலத் தோல் கறுத்து, தடித்து, வழவழப்பாக இருந்தது.

அந்தத் தழும்பை நான் ஏற்கெனவே தொட்டிருக்கிறேன்.

அண்ணனுக்கு நோய் வந்தபோது, நல்லது சொல்வதாக நினைத்துப் பலர் பல வழி சொன்னார்கள். ஜெபித்துக் குணமாக்குகிற ஓர் இடத்தில் விட்டோம். எங்கே என்று சொல்லப்போவதில்லை. அங்கே நாற்பது நாள் அண்ணனைத் தூணோடு சங்கிலியில் கட்டியிருந்தார்கள். எங்களுக்குத் தெரியாமல் இல்லை. அப்பா சம்மதித்தார், அம்மா அழுதார், நான் சோற்றுப் பொட்டலம் கொண்டுபோய்க் கொடுத்தேன். வீட்டுக்கு வந்தபிறகு அந்தப் புண்ணுக்குத் தேங்காயெண்ணெய் போட்டுவிட்டதும் நான்தான். ஆறி ஒரு மாதம் ஆவதற்குள் போய்விட்டார்.

2001 ஆகஸ்டில் ஏர்வாடியில் மனநோயாளிகள் காப்பகம் ஒன்றில் தீப்பிடித்து, சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 பேர் கருகிப்போனார்கள். அந்தச் செய்தி வந்த பேப்பரை அம்மா பல நாள் தலையணைக்குக் கீழே வைத்திருந்தார். இன்றைக்கு மனநோயாளியை எந்த விதத்திலும் சங்கிலியில் கட்டக் கூடாது என்று 2017 சட்டத்தில் இருக்கிறது. எங்கள் வீட்டுக்கு அது இருபது வருடம் பிந்தி வந்தது.

அம்மா ஏன் கோட்டாற்றுச் சவேரியார் கோவிலை விட்டுவிட்டுக் காற்றாடிமலைக்குப் போனார் என்பது அந்தக் குளியலறையில்தான் எனக்கு விளங்கியது. சங்கிலியோடு முழங்காலில் நின்று கைகூப்பும் தேவசகாயத்தின் படம் எங்கள் வீட்டுச் சுவரில் எப்போதும் உண்டு. நட்டாலத்தில் 1712-இல் பிறந்த நீலகண்டன் அவர். திருவிதாங்கூர் அரசுப் பணியில் இருந்தார். குளச்சல் போரில் பிடிபட்ட டச்சுத் தளபதி டிலனாயிடம் பைபிளில் வரும் யோபுவின் கதையைக் கேட்டு மனம் மாறி, 1745-இல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்றார். 1749-இல் கைதானார். அதற்குப் பிறகு சாகிற வரை அவருக்கு வீடு என்று ஒன்று இல்லை. எருமை மேல் ஏற்றி ஊர் ஊராகக் கொண்டுபோனார்கள். புண்ணில் மிளகாய்ப்பொடி தேய்த்தார்கள். பெருவிளையில் வேப்பமரத்தில் கட்டிவைத்தார்கள், ஆரல்வாய்மொழியிலும் மரத்தோடு கட்டிவைத்தார்கள். வெயிலிலும் மழையிலும் கிடந்தவர் அவர். 2022 மே 15-இல் திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தபோது, இந்தியாவின் முதல் பொதுநிலைப் புனிதர், அதாவது குருவோ துறவியோ அல்லாத புனிதர், என்று எல்லோரும் கொண்டாடினோம். அம்மாவுக்கு அதெல்லாம் இரண்டாம் பட்சம். சங்கிலி எப்படி வலிக்கும் என்று தெரிந்த ஒருவரிடம் மகனை ஒப்படைத்திருந்தார்.

பெரிய சிஸ்டரிடம் அன்று சாயங்காலம் எல்லாவற்றையும் சொன்னேன். துணி மடித்துக்கொண்டே கேட்டார். ஆறுதல் எதுவும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "தேவசகாயம்னா லாசருன்னுதானே அர்த்தம் மக்களே" என்றார். "இயேசு சொன்ன உவமைகள்ல பேர் இருக்கிற ஏழை அந்த லாசரு ஒருத்தன்தான். பணக்காரன் வாசல்ல புண்ணோட கிடந்தவன். பணக்காரனுக்குக்கூட அங்க பேர் கிடையாது. நாங்க இங்க முதல்ல பேரைத்தான் கேப்போம். சிலர் சொல்ல மூணு மாசம் ஆகும், சிலர் சொல்லாமலே செத்தும் போவாங்க. கல்லறையில என்ன எழுதணும்னு அப்பதான் கஷ்டமா இருக்கும்."

பிறகு அந்த ஒடியா அக்காவின் தலைக்கு எண்ணெய் தேய்க்கிற வேலையை மீதி நாட்களுக்கு என்னிடமே கொடுத்தார். பேன் எடுத்து, சிக்கு நீக்கி, பின்னல் போட ஒரு மணி நேரமாவது ஆகும். மூட்டை மடியில் இருக்கும். ஒன்பதாம் நாள் அதிலிருந்து ஒரு கூழாங்கல்லை எடுத்து என் கையில் வைத்து மூடினார். திருப்பிக் கொடுக்கப் போனேன், வாங்கவில்லை.

புறப்படுவதற்கு முந்தின மாலை, அலுவலக அறைக்கு என்னை சிஸ்டர் கூப்பிட்டார். இப்படிப்பட்ட இல்லங்கள் எல்லைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பல இருக்கின்றன, விவரம் கொடுத்தால் எல்லோருக்கும் அனுப்புகிறேன் என்றார். பழைய காகிதத்தைப் பையிலிருந்து எடுத்தேன். அப்பா காலத்தில் போலீசுக்குக் கொடுத்த அதே விவரம், பேப்பரில் போட்ட அதே விவரம். பெயர், உயரம், நிறம், வலது புருவத்துக்கு மேல் மச்சம். அவர் எழுதிக்கொண்டு, "வேற அடையாளம் உண்டா?" என்று கேட்டார்.

இருபத்தெட்டு வருடமாக நாங்கள் எங்கேயும் எழுதாமல் விட்டது ஒன்று இருந்தது.

"கணுக்காலில் தழும்பு. சங்கிலித் தழும்பு" என்றேன்.

"எந்தக் கால்?"

"இடது கால், சிஸ்டர்."

அவர் எழுதினார். எழுதியதை என் பக்கம் திருப்பிக் காட்டினார், சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டேன். மறுநாள் விடியும் முன்பே களியக்காவிளையில் பஸ் ஏறினேன். மெழுகுவர்த்திக் கட்டோடு அந்தக் கூழாங்கல்லும் பையில் இருந்தது. அந்தக் கல்லால்தான் மணியடிச்சான் பாறையைத் தட்டினேன், அம்மாவைப் போல ஒரே ஒரு தடவை.